பி0302 வந்தால் காயில் போய்விட்டது என்று அர்த்தமில்லை

கேள்வியின் சுருக்கம்: 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார், 2015 மாடல், 82,000 கி.மீ. ஓடியது. மூன்றாவது கியரில் ஏற்றத்தில் மிதித்தால் வண்டி உதறுகிறது. ஐடிலில் லேசான மிஸ்ஸிங். செக் எஞ்சின் விளக்கு முதலில் சிமிட்டியது, பிறகு நிலையாக எரிகிறது. ஸ்கேனரில் பி0302. பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் நான்கு காயிலையும் பெட்ரோல் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

இப்போதைக்கு ஒன்றையும் மாற்றாதீர்கள். காசு செலவழிக்காமலே அரை நாளில் பழுது எந்தப் பக்கம் என்று பார்த்துவிடலாம்.

பி0302 சொல்வது ஒன்றே ஒன்று: இரண்டாவது சிலிண்டர் தன் முறை வரும்போது சரியாக வெடிக்கவில்லை. ஏன் என்று அது சொல்லவில்லை. ஈ.சி.யூ. (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) பார்ப்பது, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் சென்சாரை. ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்க் ஒரு சின்ன உந்துதல் வாங்கி வேகம் கூடும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் 180 டிகிரிக்கு ஒரு உந்துதல். வெடிக்கும் வரிசை 1-3-4-2 என்றால், நான்குக்கு அடுத்து வரவேண்டிய உந்துதல் வராமல் கிராங்க் ஒரு கணம் சுணங்கும்போது 'இரண்டு மிஸ்' என்று ஈ.சி.யூ. கணக்கில் ஏற்றிக்கொள்கிறது. பிளக் தேய்ந்தாலும் அதே சுணக்கம்தான், வால்வு எரிந்தாலும் அதே சுணக்கம்தான். கோட் ஒன்றுதான்.

கூடவே வேறு கோட் இருக்கிறதா என்று பாருங்கள். பி0352 இருந்தால் இரண்டாம் காயிலின் மின்சுற்று, பி0202 இருந்தால் இரண்டாம் இன்ஜெக்டரின் மின்சுற்று. நேராக வயரிங் பக்கம் போகலாம். பி0300 என்றால் குறிப்பிட்ட சிலிண்டர் என்றில்லாமல் மாறி மாறி மிஸ் ஆகிறது. அப்போது நான்குக்கும் பொதுவான விஷயத்தைத் தேட வேண்டும்: பெட்ரோல் பிரஷர், ஏர் லீக், கலப்பட எரிபொருள், டைமிங் செயின். உங்களுக்கு வந்திருப்பது பி0302 மட்டும். பொதுவான கோளாறு ஒரே சிலிண்டரைத் தேடிப் பிடித்து அடிக்காது. ஆக, நான்கு இன்ஜெக்டரையும் மாற்றும் பேச்சுக்கு இங்கேயே இடமில்லை.

சிமிட்டும் விளக்கு

விளக்கு நிலையாக எரிவதும் சிமிட்டுவதும் ஒன்றல்ல. சிமிட்டினால், இந்த அளவு மிஸ் தொடர்ந்தால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடும் என்று ஈ.சி.யூ. எச்சரிக்கிறது. எரியாத பெட்ரோலும் காற்றும் அப்படியே சைலன்சர் பக்கம் போய் கன்வெர்ட்டருக்குள் எரியும். சாதாரணமாக 400 முதல் 800 டிகிரிக்குள் இருக்கும் அது 1,000 டிகிரியைத் தாண்டினால் உள்ளே இருக்கும் வினையூக்கிப் பூச்சு கெட ஆரம்பிக்கும். இன்னும் மேலே ஏறினால் தேன்கூடு போன்ற செராமிக்கே உருகும். ஒரு பிளக்கின் விலையில் முடியவேண்டிய வேலை அதோடு பல மடங்காகிவிடும். எனவே விளக்கு சிமிட்டும்போது காலை எடுங்கள். சிமிட்டல் நிற்கவில்லை என்றால் ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். 'மெதுவா வீடு போயிடலாம்' என்று 40 கி.மீ. ஓட்டுவதுதான் பெரிய செலவுக்கு வழி.

இதே காரணத்தால்தான் பழைய கார்பரேட்டர் காலத்துப் பழக்கம் ஒன்றையும் விட வேண்டும். எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு பிளக்கின் கரண்டையும் பிடுங்கி எது வேலை செய்யவில்லை என்று பார்ப்பார்கள். இன்றைய வண்டியில் காயிலைப் பிடுங்கினால் பொறி மட்டும் நிற்கும், பெட்ரோல் தெளித்துக்கொண்டே இருக்கும். அது கன்வெர்ட்டருக்குத்தான் போகும். போக வழியில்லாத உயர் மின்னழுத்தம் காயிலின் உள் இன்சுலேஷனையும் தின்றுவிடும், உங்கள் கையையும் பதம் பார்க்கும். எந்தச் சிலிண்டர் சோம்புகிறது என்று பார்க்க வேண்டுமானால் இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். நல்ல சிலிண்டர் என்றால் ஐடில் சட்டென்று விழும். வேலை செய்யாத சிலிண்டர் என்றால் எந்த மாற்றமும் தெரியாது. இதனால் பி0201, பி0203 என்று புதுக் கோட்கள் பதியும். பயப்பட வேண்டாம், கடைசியில் அழித்துக்கொள்ளலாம்.

கோட் அழிக்கும் முன்

ஸ்கேனர் கையில் வந்ததும் முதல் வேலையாக கோடை அழிப்பது பலருக்குப் பழக்கம். அழித்தால் ஃப்ரீஸ் ஃபிரேமும் சேர்ந்து போய்விடும். கோட் பதிந்த அந்த நொடியில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்ற படம் அது: ஆர்.பி.எம்., லோடு, கூலன்ட் வெப்பம், வேகம், ஃபியூல் டிரிம் (ஈ.சி.யூ. பெட்ரோல் அளவில் செய்யும் கூட்டல் கழித்தல்). போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு பிறகு அழியுங்கள். இ.எல்.எம்.327 வகைச் சின்ன புளூடூத் ரீடரும் ஒரு செயலியும் இருந்தாலே இது கிடைக்கும்.

அந்தப் படத்தை இப்படிப் படிக்கலாம். லோடு அதிகம், ஆர்.பி.எம். குறைவு, எஞ்சின் சூடு: இது பெரும்பாலும் இக்னிஷன் (பொறி போடும்) பக்கம். மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் பிளக்கின் இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக வோல்ட் வேண்டும். தேய்ந்த பிளக்கும் தளர்ந்த காயிலும் அங்கேதான் கை விரிக்கும். நீங்கள் சொல்லும் 'மூன்றாவது கியர், ஏற்றம்' இந்த வகை. ஐடிலில் மட்டும் மிஸ், வேகம் பிடித்தால் சரி என்றால் ஏர் லீக், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) குறைவு அல்லது அரைகுறையாக அடைத்த இன்ஜெக்டர். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு நிமிடம் உதறிவிட்டு அடங்கினால் சொட்டும் இன்ஜெக்டரையோ, இரவு முழுக்க ஹெட் கேஸ்கட் வழியே சிலிண்டருக்குள் கசிந்த கூலன்டையோ சந்தேகிக்கலாம். ரேடியேட்டர் ரிசர்வாயர் மட்டம் காரணமில்லாமல் இறங்குகிறதா என்று பாருங்கள். அதிக ஆர்.பி.எம்.மில் மட்டும் என்றால் பெட்ரோல் போதவில்லை என்று வைத்துத் தொடங்குங்கள்.

ஃபியூல் டிரிமில் ஏமாந்துபோக ஒரு இடம் இருக்கிறது. ஷார்ட் டேர்மையும் லாங் டேர்மையும் கூட்டினால் பிளஸ் மைனஸ் 10 சதவீதத்துக்குள் இருப்பது இயல்பு. பிளஸ் 18 என்று பார்த்ததும் 'மிக்ஸ்சர் லீன் (கலவையில் பெட்ரோல் குறைவு), இன்ஜெக்டர் அடைப்பு' என்று தீர்ப்பு எழுதுவார்கள். ஆனால் பொறி விழாத சிலிண்டரிலிருந்து காற்றும் எரியாமல்தான் வெளியே போகிறது. ஆக்ஸிஜன் சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது, அந்த மிச்ச ஆக்ஸிஜன்தான் தெரியும். அது 'லீன்' என்று சொல்ல, ஈ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டும். பிளக் கோளாறே டிரிமை ஏற்றிக் காட்டிவிடும். மிஸ் இருக்கும்போது டிரிமை வைத்து இன்ஜெக்டரைக் குற்றம் சொல்லாதீர்கள்.

(பி.யூ.சி., அதாவது புகைச் சோதனைச் சீட்டு கைவசம் இருந்தால் அதையும் பாருங்கள். பி.எஸ்.4 பெட்ரோல் காருக்கு ஐடிலில் ஹைட்ரோகார்பன் வரம்பு 200 பி.பி.எம். ஒரு சிலிண்டர் மிஸ் ஆனாலே அது எகிறும். சைலன்சருக்குள் உண்மையிலேயே சோதனைக் குழாயை நுழைத்து எடுத்த சீட்டாக இருந்தால்.)

இடம் மாற்றிப் பார்ப்பது

இதுதான் முழுப் பதிலின் மையம். எஞ்சின் ஆறியபின் எஞ்சின் கவரைக் கழற்றுங்கள். குறுக்காக வைத்த நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் பொதுவாக டைமிங் செயின் இருக்கும் பக்கம் 1, கியர்பாக்ஸ் பக்கம் 4. உங்கள் மேனுவலில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். எண்ணைத் தலைகீழாக எண்ணி மூன்றாவது சிலிண்டரை நோண்டியவர்கள் நிறைய பேர்.

கனெக்டரின் கொக்கியை விரலால் அழுத்தி இழுங்கள். பத்து வருட வண்டியில் அந்த பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி உடையும். ஸ்குரூடிரைவரால் நெம்பாமல் மெல்ல ஆட்டி எடுங்கள். காயிலின் ஒற்றை 10 மி.மீ. போல்ட்டைக் கழற்றி, காயிலைக் கால் சுற்று இப்படியும் அப்படியும் திருகியபின் மேலே இழுங்கள். நேராகப் பிடுங்கினால் காயிலின் அடியில் பிளக்கை மூடும் ரப்பர் பூட் (உறை) பிளக்கிலேயே மாட்டிக்கொண்டு கிழியும்.

இரண்டாம் காயிலை மூன்றுக்கும் மூன்றாம் காயிலை இரண்டுக்கும் போடுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். கோடை அழித்து, மிஸ் எந்த நிலையில் வந்ததோ அதே நிலையில், அதே ஏற்றத்தில், அதே கியரில் ஓட்டுங்கள். பி0303 வந்தால் கோளாறு காயிலோடு நகர்ந்துவிட்டது. ஒரு காயில் வாங்குங்கள், நான்கு அல்ல. பி0302 மீண்டும் வந்தால் காயில் நிரபராதி. அடுத்து அதேபோல் பிளக்கை, இம்முறை இரண்டாம் பிளக்கை நான்குக்கு நகர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பொருள். ஒரே நேரத்தில் காயில், பிளக் இரண்டையும் மூன்றாம் சிலிண்டருக்கு மாற்றி, கோடும் மூன்றுக்குப் போனால், எது குற்றவாளி என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சூடானபின் மட்டும் மிஸ் ஆகும் வண்டியில் இந்தச் சோதனையைப் பத்து நிமிடம் ஓட்டி முடித்துவிடக் கூடாது. காயிலுக்குள் மயிரிழை போன்ற கம்பிச் சுற்று விரிசல் விட்டிருந்தால் குளிரில் சேர்ந்திருக்கும், சூட்டில் பிரியும். ஏ.சி. போட்டு, முக்கால் மணி நேரமாவது ஓட்டுங்கள்.

மல்டிமீட்டரில் காயிலை அளப்பது பற்றி: இரண்டு பின் மட்டும் உள்ள காயிலில் பிரைமரி ரெசிஸ்டன்ஸ் பெரும்பாலும் 0.4 முதல் 2 ஓம் வரை காட்டும். மூன்று அல்லது நான்கு பின் உள்ளவற்றில் இக்னைட்டர் (காயிலை இயக்கும் மின்னணுச் சுவிட்ச்) உள்ளேயே இருப்பதால் ஓம் அளவுக்கு அர்த்தமே இல்லை. சரியான ஓம் காட்டும் காயில்கூட லோடில் கைவிடும். இடம் மாற்றும் சோதனையை மீட்டர் வெல்லாது.

பிளக் குழியும் பிளக்கும்

காயிலைத் தூக்கியதும் உடனே அடுத்த வேலைக்குத் தாவாமல் பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நம் ஊரில் இரண்டு விஷயம் அடிக்கடி கிடைக்கும். ஒன்று தண்ணீர். வாட்டர் சர்வீஸுக்கு விட்டு பானட்டைத் திறந்து ஜெட் பம்ப் அடித்த மறுநாள் மிஸ் ஆரம்பித்தது என்றால் வேறு எங்கும் போக வேண்டாம். குழியை ஏர் கன்னால் ஊதி உலர்த்தி, ரப்பர் பூட்டையும் துடைத்துப் போட்டால் பாதி பேருக்குப் பிரச்சினை முடிந்துவிடும். மற்றொன்று ஆயில். டேப்பெட் கவர் கேஸ்கட்டிலும் பிளக் குழாயின் சீலிலும் ரப்பர் கெட்டியாகிக் கசிந்தால் குழியில் ஆயில் தேங்கும்; ரப்பர் பூட் அதில் ஊறி உப்பி, மின்சாரத்தை ஓரத்தில் கசியவிடும். அப்போது காயிலை மட்டும் மாற்றினால் ஆறு மாதத்தில் புதுக் காயிலும் ஊறும். கேஸ்கட் செட்டைச் சேர்த்து மாற்றுங்கள்.

பிளக்கைத் திருகும் முன் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்வது கட்டாயம். அங்கே கிடக்கும் ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தால் சிலிண்டர் சுவரில் கோடு போடும்.

கழற்றிய நான்கு பிளக்கையும் சிலிண்டர் வரிசையில் ஒரு துணியில் அடுக்குங்கள். தனியாக ஒரு பிளக்கைப் பார்ப்பதைவிட மற்ற மூன்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. நுனியில் வெளிர் பழுப்பு அல்லது சாம்பல் நிறம் நல்லது. இரண்டாவது மட்டும் கரியாக, உலர்ந்த மசி மாதிரி இருந்தால் எரியவில்லை அல்லது பெட்ரோல் அதிகம். ஈரமாகப் பெட்ரோல் வாடை அடித்தால் பொறி விழவில்லை. ஈரமாக, பளபளப்பாக, தொட்டால் வழுக்கினால் ஆயில். பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல் போயிருக்கிறது. மற்ற மூன்றும் பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவிவிட்ட மாதிரி வெள்ளையாக இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் கூலன்ட் வருகிறது. பெட்ரோல் குறைவாகக் கிடைத்த சிலிண்டரிலும் வெளுக்கும், ஆனால் இப்படிச் சுத்தமாக இருக்காது.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. பிளக்கின் வெள்ளை செராமிக் கழுத்தில், மேலிருந்து கீழாகப் பென்சிலால் கோடு இழுத்த மாதிரி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு இருக்கிறதா என்று நகத்தால் வருடிப் பாருங்கள். துடைத்தால் போகாது. மின்சாரம் நுனிக்குப் போகாமல் வெளிப்புறமாகவே பாடிக்கு இறங்கிய தடம் அது. ரப்பர் பூட்டை வெட்டவெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால் அதற்கு நேர் எதிரே ரப்பரிலும் அதே கோடு இருக்கும். பிளக்கை மட்டும் மாற்றி அதே பூட்டைப் போட்டால் புதுப் பிளக்கிலும் கோடு விழும். பூட்டை மட்டும் மாற்றினாலும் அப்படியே. இரண்டும் ஜோடியாகப் போக வேண்டும். காயில் நல்லதாக இருந்து பூட் தனியாகக் கிடைத்தால் காயில் செலவு மிச்சம். செராமிக்குக்கும் இரும்புக்கும் சந்திப்பில் வரும் பழுப்பு வளையம் வேறு. அது தூசி ஒட்டிய கறை, கோளாறு அல்ல.

பிளக் நுனியின் இடைவெளியை ஃபீலர் கேஜில் அளந்து பாருங்கள். இன்றைய பெட்ரோல் எஞ்சின்களில் 1.0 முதல் 1.1 மி.மீ. வரை பரவலான அளவு. உங்கள் மேனுவலில் உள்ளதே இறுதி. சாதாரண நிக்கல் பிளக் 82,000 கி.மீ. ஓடியிருந்தால் 1.4, 1.5 மி.மீ.க்கு விரிந்து, நடு எலக்ட்ரோடின் விளிம்பு உருண்டு கிடக்கும். அது தன் ஆயுளைப் போல இரண்டு மூன்று மடங்கு ஓடிவிட்டது என்று பொருள். இந்த நிலையில் இடம் மாற்றும் சோதனைக்குக்கூட அவசியமில்லை. நான்கு பிளக்கையும் மாற்றிவிட்டு மேலே பாருங்கள். தேய்ந்த பிளக்தான் காயிலையும் கொல்கிறது: இடைவெளி விரிய விரிய காயில் ஒவ்வொரு பொறிக்கும் கூடுதல் வோல்ட் கொடுத்துக் களைத்துப்போகும். புதுக் காயில் போட்டு பழைய பிளக்கை விட்டுவைப்பது அரைகுறை வேலை. இரிடியம் பிளக்கில் இடைவெளியைத் தட்டிச் சரிசெய்யக் கூடாது, கம்பி பிரஷால் தேய்க்கவும் கூடாது. நுனி ஊசி மாதிரி, உடைந்துவிடும்.

மாட்டும்போது பிளக் ஸ்பேனரின் எக்ஸ்டென்ஷனை மட்டும் பிடித்து விரலால் திருகுங்கள். கடைசி மரை வரை விரலாலேயே இறங்க வேண்டும். நடுவில் இறுகினால் மரை தப்பி ஏறுகிறது, உடனே பின்னே எடுங்கள். அலுமினிய ஹெட்டில் 14 மி.மீ. மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20 என்பது வாஷர் உள்ள பிளக்கின் பொது அளவு. டார்க் ரென்ச் இல்லையென்றால் புதுப் பிளக்கின் வாஷர் உட்கார்ந்ததும் அரைச் சுற்று. பழைய பிளக்கைத் திரும்பப் போட்டால் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று போதும். மரையில் கிரீஸ், ஆன்டி சீஸ் எதுவும் தடவாதீர்கள். வழுக்கல் கூடி, அதே டார்க்கில் மரை அளவுக்கு மீறி இழுபடும். ரப்பர் பூட்டின் வாய்ப்பகுதியில் மட்டும் சிலிக்கான் டைஎலக்ட்ரிக் கிரீஸ் லேசாகத் தடவலாம். காயில் போல்ட் 10 நியூட்டன் மீட்டர் அளவுதான். கையால் இறுக்கி ஒரு சின்ன அழுத்து.

காயிலும் பிளக்கும் நகர்ந்தும் கோட் இரண்டிலேயே நின்றால்

முதலில் வயர். எலி கடித்த வயரிங் நம் வண்டிகளில் அபூர்வமில்லை. மல்டிமீட்டரை வைத்தால் கனெக்டரில் 12 வோல்ட் காட்டும். 'சப்ளை நல்லா இருக்கு' என்று விட்டுவிடுவார்கள். இருபது இழையில் ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட்தான் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்டே இழுப்பதில்லை. அந்த பவர் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 21 வாட் இண்டிகேட்டர் பல்பைப் போட்டுப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் வயர் நல்லது. மங்கினால் உள்ளே அறுந்திருக்கிறது. இந்தப் பல்பைப் பவர் பின்னில் மட்டும் வையுங்கள், ஈ.சி.யூ.விலிருந்து வரும் சிக்னல் பின்னில் வைத்தால் ஈ.சி.யூ.வுக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட் எரிந்துபோகும்.

அடுத்து இன்ஜெக்டர். நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை இன்ஜெக்டரில், பிடியைக் காதருகில் வைத்தால் 'டிக் டிக்' கேட்கும். மற்ற மூன்றோடு ஒப்பிடுங்கள். சத்தம் இல்லை என்றால் இன்ஜெக்டருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று அறுந்திருக்கலாம் அல்லது சிக்னல் வரவில்லை. மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாயில்) தெளிக்கும் சாதாரண எம்.பி.எஃப்.ஐ. இன்ஜெக்டர்கள் பெரும்பாலும் 12 முதல் 16 ஓம் காட்டும். நான்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். சிக்னல் பார்க்க அதற்கென்றே விற்கும் எல்.இ.டி. நாய்ட் லைட்டை கனெக்டரில் செருகுங்கள், எஞ்சினைச் சுற்றும்போது சிமிட்ட வேண்டும். சத்தம் வருகிறது, ஆனால் தெளிப்பு சரியில்லை என்ற சந்தேகம் இருந்தால் இன்ஜெக்டரையும் இடம் மாற்றலாம். அதற்கு முன் ஃபியூல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு பிரஷரை இறக்குங்கள், பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ஓ ரிங் புதிதாகப் போட்டு ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவிச் செருகுங்கள்; உலர்வாகத் தள்ளினால் ஓ ரிங் நறுக்கென்று வெட்டுப்பட்டு பெட்ரோல் கசியும். சிலிண்டருக்குள்ளேயே நேராகத் தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சினில் இந்த வேலை எதையும் வீட்டில் செய்யாதீர்கள். அங்கே பிரஷர் 100 பாரைத் தாண்டும், தோலைத் துளைக்கும்.

இன்ஜெக்டர் அடைத்திருந்தால் பெஞ்சில் வைத்து அல்ட்ராசோனிக்கில் சுத்தம் செய்து, நான்கும் ஒரே நேரத்தில் எவ்வளவு ஊற்றுகிறது என்று கண்ணாடிக் குழாயில் அளந்து தரும் கடைகள் உண்டு. அந்த அளவைக் கண்ணால் பார்க்காமல் இன்ஜெக்டர் மாற்றச் சம்மதிக்க வேண்டாம். டேங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டில் லேசான படிவுக்கு உதவலாம். ஒரு சிலிண்டர் முழுக்கச் செத்த நிலையில் அது காசுக்குக் கேடு. கரிப் படிவை நீக்கும் 'டீகார்ப்' விஷயத்திலும் என் கருத்து அதுதான். மேனிஃபோல்டில் பெட்ரோல் தெளிக்கும் எஞ்சினில் இன்டேக் வால்வை பெட்ரோலே கழுவிக்கொண்டிருக்கிறது.

ஏர் லீக் ஒரு சிலிண்டரை மட்டும் பாதிக்க முடியும்: அந்தச் சிலிண்டருக்குப் போகும் மேனிஃபோல்ட் கிளையின் கேஸ்கட் விட்டிருந்தால், அல்லது அந்த இன்ஜெக்டரின் கீழ் ஓ ரிங் போயிருந்தால். அடையாளம், ஐடிலில் டிரிம் பிளஸ் 15, 20 என்று ஏறி, 2,500 ஆர்.பி.எம்.மில் இயல்புக்கு இறங்குவது. கார்ப் கிளீனர் தெளித்துப் பார்ப்பது பழைய முறை. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் தீப்பிடிக்கும். ஸ்மோக் மெஷின் உள்ள கடையில் புகை விட்டுப் பார்ப்பது பாதுகாப்பு.

கம்ப்ரஷன்

இதுவரை ஒன்றும் சிக்கவில்லை என்றால் எஞ்சினுக்குள்தான். உண்மையில் இந்தச் சோதனையை முன்பே செய்யலாம். பிளக் நான்கும் வெளியே இருக்கும்போதே பத்து நிமிட வேலை. எஞ்சின் இளஞ்சூட்டில், நான்கு பிளக்கும் கழற்றி, ஃபியூல் பம்ப் ஃபியூஸை எடுத்து, காயில் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, ஒருவர் ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதிக்க, கேஜ் ஐந்தாறு முறை ஏறும் வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் அளந்தால் திராட்டில் மூடியிருந்து எல்லாமே குறைவாகக் காட்டும். நல்ல எஞ்சினையும் ரிங் போனது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

மொத்த எண்ணைவிட வித்தியாசம் முக்கியம். 175, 120, 178, 172 பி.எஸ்.ஐ. என்று வந்தால் இரண்டாவது மூன்றில் ஒரு பங்கு குறைவு. எந்தக் காயில் போட்டாலும் அது சரியாக ஓடாது. பத்து பதினைந்து சதவீதம் வரை வித்தியாசம் பொறுக்கலாம். அடுத்து அந்தப் பிளக் ஓட்டை வழியே ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. எஞ்சின் ஆயில் ஊற்றி மறுபடி அளந்து பாருங்கள். 120 என்பது 160-க்கு ஏறினால் ரிங். ஆயில் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. 125-லேயே நின்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் அவற்றுக்கு நடுவே கேஸ்கட் போயிருக்கிறது. லீக் டவுன் கேஜ் உள்ள கடையில் பிஸ்டனை மேலே நிறுத்திக் காற்று ஏற்றினால் சத்தமே இடத்தைக் காட்டும்: திராட்டிலில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட்.

வண்டியில் சி.என்.ஜி. அல்லது எல்.பி.ஜி. கிட் இருந்தால் எக்ஸாஸ்ட் வால்வைத் தனியாகச் சந்தேகியுங்கள். காஸில் ஓடும்போது வால்வு சீட் தேய்ந்து வால்வு ஹெட்டுக்குள் மேலேறும். டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ள சந்து) குறைந்து, சூட்டில் வால்வு முழுசாக மூடாமல் அந்தச் சந்தில் நெருப்பு சீறி விளிம்பை எரித்துவிடும். இந்த இடைவெளியைத் தானாகச் சரிசெய்யும் ஹைட்ராலிக் அட்ஜஸ்டர் இல்லாத எஞ்சினில் சத்தம் கேட்டால்தான் டேப்பெட் பார்க்க வேண்டும் என்று நினைப்பார்கள். இங்கே நேர்மாறு; இடைவெளி குறைந்த டேப்பெட் சத்தமே போடாது. பெட்ரோலில் ஓடினால் மிஸ் இல்லை, காஸில் மட்டும் என்றால் கம்ப்ரஷன் வரை போகும் முன் பிளக்கைப் பாருங்கள். காஸைப் பற்றவைக்கப் பொறிக்கு அதிக வோல்ட் வேண்டும், அதனால் அங்கே பிளக் இடைவெளியைக் குறைத்து வைக்கச் சொல்வார்கள்.

வேலை முடிந்தபின்

கோடை அழித்து, விளக்கு வரவில்லை என்று திருப்தியடைய வேண்டாம். விளக்கு எரியும் அளவுக்குக் கீழே மிஸ் தொடரலாம். செயலியில் மோட் 06 பகுதியைத் திறந்தால் சிலிண்டர் வாரியாக மிஸ் எண்ணிக்கை இருக்கும்: ஏ2 முதல் சிலிண்டர், ஏ3 இரண்டாவது, அப்படியே ஏ5 வரை. பழுது பார்த்தபின் அதே ஏற்றத்தில் ஓட்டி, ஏ3-யின் எண் மற்ற மூன்றோடு சேர்ந்து பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும்.

மிஸ் முழுக்க நின்றும் வண்டிக்குப் பிக்கப் இல்லை, 3,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் கழுத்தைப் பிடித்த மாதிரி இருக்கிறது என்றால், விளக்கு சிமிட்டியபோது ஓட்டிய தூரம் கன்வெர்ட்டரைப் பாதித்திருக்கலாம். ஆறிய சைலன்சரில் கன்வெர்ட்டர் கூட்டைக் கையால் தட்டினால் உள்ளே சல்லி கொட்டிய சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். முன் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டி 2,500 ஆர்.பி.எம்.மில் வைத்துப் பாருங்கள், 3 பி.எஸ்.ஐ.யைத் தாண்டினால் அடைத்துக்கொண்டது.